மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை

தட்டில் அடுக்கியிருந்த இரும்புப் பாகங்களின் மேல் ரத்தம் இருந்தது. ஒன்றிரண்டில் இல்லை, ஒரு வரிசை முழுக்க.

"யாருதுமா இது? யாரு கையக் கிழிச்சுக்கினு சும்மா குந்திகினு கீறது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எவளோ ஒருத்தி பராக்குப் பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறாள், இன்றைக்கு அவள் பாடு திண்டாட்டம்தான் என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரிதான் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

"அய்யய்யோ, அக்கா, உன் கைக்கா!"

என் ஆள்காட்டி விரல் நுனி பிளந்திருந்தது. ரத்தம் உள்ளங்கை வரை வழிந்து பாதி காய்ந்தும் போயிருந்தது. சூப்பர்வைசர் என் விரலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கலையாமா?"

"வலிக்குது சார்," என்றேன். பொய். ஒரு எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு விரலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளின் பிரேக்குக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருக்கிறேன். மெஷின் வெட்டித் தள்ளுகிற பாகத்தின் ஓரத்தில் சில சமயம் பிசிறு நிற்கும். மயிரிழை அளவுக்கு இரும்பு, ஊசி மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியை ஓரத்தில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும், சுண்டு விரலைத் துளைக்குள் விட்டு ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். கையுறை போட்டால் ஒன்றும் தெரியாது, அதனால் எங்கள் மேசையில் மட்டும் வெறுங்கை. பிசிறு இருந்தால் சிவப்பு டப்பா, இல்லாவிட்டால் பச்சைத் தட்டு. பிசிறோடு ஒன்று தப்பிப் போனால் எங்கேயோ எவனோ பிரேக் பிடிக்கும்போது அது தன் வேலையைக் காட்டும்.

இதில் நான் கில்லாடி. பெருமைக்குச் சொல்லவில்லை, கம்பெனிக்கு வெளியாட்கள் வந்தால் சூப்பர்வைசரே என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "மிஷின் பொய் சொல்லும் சார், இந்தம்மா வெரலு சொல்லாது," என்பார். என் அம்மா, அப்பா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் களை பறித்தவர்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கின முதல் கை இது. அந்தக் கைக்குத்தான் ஊசி குத்தினாலும் உறைக்காமல் போயிருந்தது.

மரத்துப்போனது ஒரே நாளில் இல்லை. அதற்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து, மூட்டு மூட்டாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. கிளினிக்கில், "உடம்புல தெம்பே இல்லம்மா, சத்து மாத்திரை எழுதறேன், ஒரு மாசம் சாப்பிடுங்க," என்றார்கள். ஒரு மாதம் என்றுதான் சொன்னார்கள். என் காதில் விழுந்தது 'சாப்பிடுங்க' மட்டும்.

சத்து என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் இருக்கும் மரியாதையே தனி. சத்து இல்லாத சோறு, சத்து இல்லாத பிள்ளை, சத்தே இல்லாத பேச்சு. சத்து போதாமல் படுத்தவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். சத்து அதிகமாகிப் படுத்தவர் என்று ஒருவரை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாங்களும்தான் பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிற ஜாதி நாங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பக்கத்து மேசைக்காரி, "அக்கா, இந்த முடி மாத்திரை போட்டுப் பாரு, எனக்கு நின்னுச்சு," என்று ஒரு அட்டையைக் கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அதையும் சேர்த்துக்கொண்டேன். சத்து மாத்திரை காலையில், முடி மாத்திரை மத்தியானம்.

அதற்கப்புறம் கால் விரலில் ஒரு மதமதப்பு. கட்டெறும்பு ஊர்கிற மாதிரி. வாரக்கணக்கில் அது பாதத்துக்கு ஏறியது, கை விரல் நுனிக்கும் வந்தது. நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மெடிக்கல் வைத்திருப்பவரிடம் போய், "அண்ணாத்தே, கையி காலு மரமரன்னு கீது," என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நரம்புல சத்து இல்லமா. நரம்பு மாத்திரை தரேன், காலைல ஒண்ணு, சாய்ங்காலம் ஒண்ணு போடு."

"ஒண்ணும் ஆவாதே?"

"மஞ்சளா ஒண்ணுக்குப் போவுதா? அதான் கணக்கு. ஒடம்பு வேணுங்கறத எடுத்துக்கினு மிச்சத்த வெளில தள்ளிடும். வைட்டமின்ல இன்னாமா சைடு எஃபெக்ட்டு?"

மஞ்சளாகத்தான் போனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதி வேறு.

ஆக, உடம்புக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று ஆரஞ்சு. வேலையைப் பிரித்துக் கொடுத்து ஆள் வைத்துவிட்ட மாதிரி நான் திருப்தியாக இருந்தேன். மரமரப்பு குறையவில்லை. குறையவில்லையே என்று நரம்பு மாத்திரையை மூன்று வேளை ஆக்கினேன். அப்புறம் அவரே, "இது ஸ்ட்ராங்கு, இத்தப் போடு," என்று வேறு அட்டை கொடுத்தார். மரக்க மரக்க மாத்திரையைக் கூட்டினேன். மாத்திரையைக் கூட்டக் கூட்ட இன்னும் மரத்தது. எது எதைத் துரத்திக்கொண்டு போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பயம் முதலில் பிடித்தது பட்டரவாக்கம் ஸ்டேஷனில். காலை ரயிலில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு பையன், "யக்கா, ஒத்தச் செருப்போட எங்க போறே?" என்று கத்துகிறான். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். செருப்பு ரயில் பெட்டிக்குப் பக்கத்திலேயே கழன்று கிடக்கிறது. ஜல்லியும் எச்சிலுமாகக் கிடந்த தரையில் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறேன், காலுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து வார் வைத்த செருப்புக்கு மாறினேன், யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

குளியலறையிலும் ஒரு கூத்து. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் நேராக நிற்கிறேன். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் முகம் கழுவக் கற்றுக்கொண்டேன். ஜாக்கெட் ஊக்கை என் வீட்டுக்காரர் மாட்டிவிட வேண்டியதாயிற்று. அவர் பூந்தமல்லி பக்கம் ஒரு குடோனில் பாரம் தூக்குகிற வண்டி ஓட்டுகிறார். "இன்னாமே, புதுப் பொண்ணாட்டம் ஊக்கு மாட்டச் சொல்றே?" என்று முதல் நாள் கிண்டல் செய்தார். பத்து நாளில் அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிளினிக்குக்குப் போனோம். சுகர் பார்த்தார்கள், இல்லை. எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். கழுத்தைப் படம் எடுத்தார், வயசுக்குத் தகுந்த தேய்மானம்தான் என்றார். இரண்டு பேருமே மறக்காமல் கேட்டார்கள்: "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர்," என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

சத்தியமாக நான் மறைக்கவில்லை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, இவைதான் எங்களுக்கு மாத்திரை. நோய்க்காரர்கள் சாப்பிடுவது. சத்து மாத்திரை என்பது பேரில்தான் மாத்திரை, கணக்குக்கு அது பாலும் பழமும் மாதிரி. ஆவடியிலிருந்து ரயிலில் என்னோடு வருகிற பெண்கள் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது, "இந்த வயசுலயும் எனக்கு ஒரு மாத்திரை கெடையாது பாரு," என்று பீற்றிக்கொண்டவள் நான். அப்போதும் என் பைக்குள் மூன்று அட்டை இருந்தது.

ரத்தம் பார்த்த நாளுக்கு அடுத்த வாரமே இடி விழுந்தது. நாங்கள் அனுப்பிய ஒரு லாட் சரக்கு அப்படியே திரும்பி வந்தது. பிசிறு. எல்லாம் என் தட்டிலிருந்து போனவை. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

"உன்ன பேக்கிங்குல போடறேன்மா. பொங்கல் வரைக்கும் பாரு. அதுக்குள்ள கை சரியாச்சுன்னா மேசைக்கு வா. ஆவலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. கான்ட்ராக்ட் ஆளு நீ, செக்கிங்குன்னுதான் ஒன்ன எடுத்துக்கீது."

தீபாவளிப் பட்டாசு வாசம் இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. பொங்கல் எத்தனை தூரம்? அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே டேப்பின் நுனியைக்கூட என் நகத்தால் கிளப்ப முடியவில்லை. பல்லால் கிளப்பினேன், அழுகையை விழுங்கிக்கொண்டு.

நரம்புக்கென்று தனி டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். கையிலும் காலிலும் ஒயர் வைத்து, சுரீர் சுரீர் என்று கரண்ட் விட்டு ஒரு பரிசோதனை. மற்றவர்கள் அதில் ஆ, ஊ என்று கத்துவார்களாம். சில இடத்தில் நான் சும்மா படுத்திருந்தேன். பரிசோதனை செய்த பெண் எந்திரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். எந்திரம் சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என் கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலை மேலே கீழே அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் சொன்னதெல்லாம் தப்பு என்று என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"உணர்ச்சி நரம்பு எல்லாம் அடி வாங்கியிருக்கும்மா. ஏன்னு தெரியல. சுகர் இல்ல. தண்ணி அடிக்கற பழக்கம் இல்ல. மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"முதுகுல தண்ணி எடுத்துப் பார்க்கணும். நரம்பையே கொஞ்சம் வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டார். "அதுவரைக்கும் ஒரு சத்து மாத்திரை எழுதித் தரேன், நரம்புக்கு நல்லது."

"அதெல்லாம் வேணாம் டாக்டர், அது நான் சாப்பிட்டுக்கினுதான் கீறேன்," என்றேன்.

பேனா நின்றது.

"எதை?"

"சத்து மாத்திரை."

"இப்பதானே மாத்திரை எதுவும் இல்லன்னீங்க?"

"மாத்திரை இல்ல டாக்டர். சத்து மாத்திரை." ஒரு படித்த பெண்ணுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

அவர் கையை நீட்டினார். பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தேன். சத்து, முடி, நரம்பு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். படித்துவிட்டு மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"இது முடிக்கு, இது நரம்புக்குன்னு அட்டைக்கு மேலதான்மா. உள்ள மூணுலயும் ஒரே ஆளு இருக்கு. பி சிக்ஸ்னு ஒரு வைட்டமின். ஒரு நாளைக்கு எத்தனை போடறீங்க?"

சொன்னேன். அவர் மனசுக்குள் கூட்டினார்.

"ஒரு நாளைக்கு உடம்புக்கு இது ரெண்டு மில்லிகிராம் இருந்தா தாராளம். சோறு, பருப்பு, மீன், வாழைப்பழத்துலயே வந்துடும். நீங்க இருநூறைத் தாண்டிட்டீங்க. நூறுக்கு மேல மாசக்கணக்கா போனா இதுவே நரம்பைக் கெடுக்கும். சிலருக்கு அதுக்கு ரொம்பக் கீழயே கெடுக்கும். பன்னெண்டுக்கு மேல வேண்டாம்னு சொல்ற நாடும் இருக்கு."

"ஒண்ணுக்குல போயிடும்னு சொன்னாங்களே டாக்டர்?"

"போகும். நீங்க கொட்டுற வேகத்துக்குப் போகாது. போறதுக்கு முன்னாடி நரம்பைப் பார்த்துட்டுத்தான் போகும்." அப்புறம் குரலைத் தணித்தார். "நானே இன்னொண்ணு எழுதியிருப்பேன், தெரியுமா? நல்லவேளை வாயைத் திறந்தீங்க."

வாய் அதிகம் என்று ஊரே என்னைச் சொல்லும். அந்த வாயால் பிழைத்தேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரமரப்புக்கு மருந்து என்று நினைத்து மரமரப்பையே முழுங்கியிருக்கிறேன், மூன்று வேளையும், தண்ணீர் குடித்துக் குடித்து.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ரத்தத்தில் அந்த வைட்டமின் எவ்வளவு என்று பார்க்க எழுதினார், முதுகில் தண்ணீர் எடுப்பதைத் தள்ளிவைத்தார். கதவு வரை வந்தபோது திரும்பக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "நிறுத்தின உடனே குறையாது. கொஞ்ச நாள் அதிகமாகிற மாதிரிகூட இருக்கும். பயந்துட்டு மறுபடி போட்டுடாதீங்க."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவர் சொன்னதுதான் சரி, அளவு எங்கேயோ இருந்தது. அதோடு விட்டது சனியன் என்று நினைத்தேன்.

விடவில்லை. நிறுத்திய பிறகு, அவர் சொன்ன மாதிரியே அதிகமானது. முன்னால் மரத்துக் கிடந்த பாதம் இப்போது எரிந்தது, மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி. மரமரப்பு கணுக்காலைத் தாண்டியது. டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது, ஒரு வாரத்தில் இரண்டு தடவை. இது சொன்னபடி வருகிற எரிச்சலா, இல்லை டாக்டரே தப்பாகப் புரிந்துகொண்டு என் நரம்பைப் பட்டினி போடுகிறாரா? மார்கழி பிறந்துவிட்டது. காலையில் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு அட்டையை வைத்தார். ஆரஞ்சு. நரம்பு மாத்திரை. மெடிக்கலில் வாங்கி வந்திருக்கிறார்.

"இன்னாயா இது?"

"போட்டுக்கமே. நிறுத்தனதுலேர்ந்துதான் ஜாஸ்தியாச்சு. நானும் பாத்துக்கினுதான கீறேன்."

"டாக்டரு சொல்லல? அதிகமாவும்னு சொல்லல?"

"சொன்னாங்க. அவங்க கையா கீது? நாளைக்கு நரம்பு மொத்தமா செத்துப்போச்சுன்னா அவங்களா வந்து உன் ஊக்க மாட்டுவாங்க?" அவர் குரல் உடைந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. "ஒரே ஒண்ணு. போட்டுத்தான் பாரேன்."

எனக்கும் அதே சந்தேகம்தான், அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அட்டையை எடுத்தேன். கட்டைவிரலால் அழுத்தி மாத்திரையை வெளியே தள்ள முடியவில்லை, அவர்தான் தள்ளிக் கொடுத்தார். நாக்கில் வைத்துவிட்டேன்.

இனித்தது. மேலே சர்க்கரைப் பூச்சு. தினம் மூன்று வேளை முழுங்கியவளுக்கு அது இனிக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, முழுங்காமல் நாக்கிலேயே வைத்திருந்ததால். எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். இனித்து இனித்து என்னைச் செருப்பில்லாமல் நடக்க வைத்தாயே, இனித்து இனித்து என் கையைப் பிடுங்கிக்கொண்டாயே என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தூ என்று தட்டிலேயே துப்பினேன். ரசம் சோற்றின் மேல் ஆரஞ்சு கரைந்தது.

"செத்தா சாவட்டும் நரம்பு! இத்தப் போட்டுக்கினு சாவ மாட்டேன். சொல்லிட்டேன்!"

பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார். குப்பையில் முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. பிறகு வேறு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சாப்பிட்டேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது நான் ஒரு வீராங்கனை மாதிரி பேசினேன். பக்கத்து மேசைக்காரியின் கணவருக்கு டிபிக்கு மருந்து கொடுக்கிறார்கள், அதோடு இதே வைட்டமினும் ஒன்று தருகிறார்கள், அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டருக்கு வந்ததே கோபம்.

"உடனே ஃபோன் பண்ணி நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க! டிபி மருந்து நரம்பைக் கெடுக்காம இருக்கத்தான் அதைச் சின்ன அளவுல குடுக்கறாங்க. அவருக்கு அது வேணும். சத்து மாத்திரையே ஆகாதுன்னு நான் சொல்லல. எது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு, இதைக் கேட்டுட்டுப் போடுங்கன்னுதான் சொல்றேன்."

அங்கேயே நின்று அவளுக்கு ஃபோன் போட்டேன். "நீ சொன்னத எங்க கேட்டாருக்கா அவரு, போட்டுக்கினுதான் கீறாரு," என்றாள். என் பேச்சை மதிக்காத ஒரு ஆளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நன்றி சொன்னேன்.

எரிச்சல் எப்போது குறையத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டு கையாலும் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. சுவர் பக்கத்தில் சும்மா நின்றது. ஆனால் கை? கை விரலை வீட்டுத் தகரக் கதவின் ஓரத்தில், கரண்டி விளிம்பில், கத்தியின் முதுகில் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஏதோ பஞ்சுக்குள்ளிருந்து தொடுகிற மாதிரி இருந்தது. இருக்கிறது என்று தெரிகிறது, எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. இது போதாது. பிசிறுக்கு இது போதவே போதாது.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர் பேக்கிங்குக்கு ஆள் அனுப்பினார். என் பழைய மேசையில் ஒரு தட்டு இருந்தது. நல்லதும் பிசிறு உள்ளதுமாக அவரே கலந்து வைத்திருக்கிறார், எது எது என்று அவருக்குத் தெரியும்.

"பாருமா. அவசரம் இல்ல," என்றார். லைனில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.

முதல் பாகத்தை எடுத்தேன். விரலை ஓட்டினேன். பஞ்சு. பச்சைத் தட்டில் வைக்கவா, சிவப்பு டப்பாவில் போடவா? மறுபடி ஓட்டினேன். வழுவழுவென்று இருப்பதாகத் தோன்றியது, தோன்றுவதை நம்பிப் பச்சையில் வைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது, அதுவும் பச்சை. அடுத்ததும் பச்சை. எல்லாவற்றையும் பச்சையிலேயே வைத்துக்கொண்டு போகிறேனே, லாட் திரும்பி வந்தபோதும் இப்படித்தானே வைத்தேன் என்று கழுத்தெல்லாம் வியர்த்தது. இன்னொன்றை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுண்டு விரலைத் துளைக்குள் விட்டுத் திருப்பினேன்.

சுருக்!

"அய்யோ அம்மா!" என்று கத்தியேவிட்டேன். பாகம் கை தவறித் தட்டில் விழுந்து உருண்டது. லைன் மொத்தமும் திரும்பியது. பக்கத்து மேசைக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். நான் என் சுண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வலி வந்து ஒரு மூச்சு கழித்துத்தான், கடுகளவு ரத்தம் மெதுவாக வெளியே வந்தது.

சூப்பர்வைசர் குனிந்து அந்தப் பாகத்தை எடுத்து, அவரே சிவப்பு டப்பாவில் போட்டார்.

"இன்னாமா, வலிக்குதா?"

"வலிக்குது சார்," என்றேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நல்லா வலிக்குது சார்."